மழை கொட்டுது, மானியில் 0 காட்டுதா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டத்துக்காரர்களின் செல்போனுக்குக் காலையில் தவறாமல் வரும் செய்தி, மழை அளவுப் பட்டியல். பரங்கிப்பேட்டையில் இவ்வளவு, சிதம்பரத்தில் இவ்வளவு, சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவிலில் இவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அளவுகள் அவை. அதோடு இப்போது இன்னொரு எண்ணும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: “எங்க வீட்டு மானியில் இவ்வளவு!” மொட்டை மாடியில் சிறிய வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள் ஆர்வத்தோடு பகிரும் எண் அது.

ஆர்வம் நல்லதுதான். ஆனால் மானி சரியாக வேலை செய்ய வேண்டுமே! அடைத்துக்கொண்ட மானியைப் பார்த்து “ராத்திரி பெருசா ஒண்ணும் பெய்யலை” என்று ஒருவர் தெருக் குழுவில் போட்டால், தாழ்வான வீட்டில் இருப்பவர் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைக்காமலேயே தூங்கிவிடுவார். எனவே உங்கள் வீட்டு மழைமானியைச் சோதித்துப் பழுது நீக்கும் வழியைப் பார்ப்போம். பெரும்பாலான கோளாறுகளுக்கு மெக்கானிக் தேவையில்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

அரசு அளவும் உங்கள் அளவும் ஒத்துப்போகவில்லை என்றதும் மானி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழைக் கணக்கு, முதல் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. வீட்டு மானியின் திரையோ பெரும்பாலும் நள்ளிரவு 12 மணிக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். நம் கடற்கரையில் பருவமழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வெளுத்து வாங்குவது வழக்கம். அந்த மழையை நள்ளிரவு இரண்டாக வெட்டிவிடுகிறது.

உதாரணமாக இரவு 10 முதல் 12 மணி வரை 30 மி.மீ., அதன்பின் காலை 5 மணி வரை 50 மி.மீ. பெய்தது என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பட்டியலில் 80 வரும். உங்கள் திரையில் ‘நேற்று 30, இன்று 50’ என்று இருக்கும். இரண்டுமே சரிதான். தினமும் காலை 8.30க்கு மொத்த அளவைக் குறித்து, முந்தைய நாள் குறித்ததைக் கழித்துவிட்டால் தீர்ந்தது.

அலகையும் ஒருமுறை பாருங்கள். வானிலை ஆய்வுத் துறையின் செய்திக்குறிப்பு செ.மீ.யில் வரும், மாவட்டப் பட்டியல் மி.மீ.யில் வரும், சில கருவிகள் வாங்கும்போதே அங்குலத்தில் அமைந்திருக்கும் (1 அங்குலம் 25.4 மி.மீ.). ஒப்பிடுவதானால் பக்கத்து மையத்தோடு ஒப்பிடுங்கள். சிதம்பரத்துக்கும் அண்ணாமலை நகருக்கும் தனித்தனி அளவு வெளியாகிறது. ஒட்டியிருக்கும் இந்த இரண்டு இடங்களிலேயே அளவு மாறுபடும்போது, 40 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் கடலூர் அளவைச் சிதம்பரம் மாடியில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டு மானிகளில் அதிகம் இருப்பது கவிழும் வாளி வகை. புனலில் விழும் மழைநீர் சிறு துளை வழியாக இறங்கி, சீசா பலகை போல நடுவில் தாங்கப்பட்ட இரட்டைக் கிண்ணத்தில் சேரும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் கிண்ணத்தில் ஒட்டியுள்ள காந்தம், ‘ரீட் ஸ்விட்ச்’ என்ற சின்னக் கண்ணாடிக் குழாயைக் கடக்கும். உடனே ஒரு துடிப்பு பதிவாகும். மாடலைப் பொறுத்து ஒரு கவிழ்ப்புக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. என்று கருவி கணக்குப் போடும்.

ஆக, கோளாறு நாலு இடத்தில்தான் இருக்க முடியும்: புனல், வாளி, ஸ்விட்ச், அல்லது திரைக்குப் போகும் சிக்னல். மேலிருந்து கீழே வாருங்கள்.

புனல்: சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான். முருங்கை இலை, வேப்பம்பூ, காக்கை எச்சம், தூசி எல்லாம் சேர்ந்து துளையை மூடிவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மழை 6 மணிக்கே விட்டுவிட்டது, ஆனால் திரையில் 9 மணி வரை 0.2, 0.2 என்று ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால், தேங்கிய தண்ணீர் கசிந்து இறங்குகிறது என்று பொருள். முழுக்க அடைத்துவிட்டால் புனல் வழிந்து மழையே கணக்கில் வராது. புனலைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். துளையில் கம்பியை விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

வாளி: சிலந்தி வலையின் ஒரே ஓர் இழை போதும், வாளி கவிழாமல் நின்றுவிடும். குளவிக் கூடு, எறும்புப் புற்று, பல்லி முட்டை எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். அச்சில் எண்ணெய் விடக்கூடாது. தூசியைப் பிடித்துவைத்து அதுவே அடுத்த கோளாறாகிவிடும். பிறகு மானியின் அடிப்பாகம் சமமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு கிண்ணம் சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் கவிழும்.

சிக்னல்: புனலை எடுத்துவிட்டு வாளியைக் கையால் மெதுவாக 10 முறை கவிழ்த்து, சில நிமிடம் காத்திருங்கள். 0.2 மி.மீ. மாடலில் 2 மி.மீ. ஏற வேண்டும். ஏறினால் மின்பகுதி நலம். ஏறவே இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற இடங்களில் உப்புக்காற்றால் பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். திரையை மாடிக்கே எடுத்துப்போய்ப் பாருங்கள். அங்கே எண் ஏறி, கீழே ஏறவில்லை என்றால் நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம்தான் தடை. திரையை ஜன்னல் பக்கம் மாற்றி வையுங்கள். இந்தச் சோதனையில் ஏறிய பொய் மழையைக் கணக்கிலிருந்து கழிக்க மறக்காதீர்கள்!

ஸ்விட்ச்: இதற்குப் பிறகும் 0 என்றால் காந்தம் கழன்று விழுந்திருக்கலாம், அல்லது ரீட் ஸ்விட்ச் போயிருக்கலாம். மல்டிமீட்டரின் ‘பீப்’ அமைப்பில் ஸ்விட்ச்சின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்தால், காந்தம் கடக்கும்போது சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஸ்விட்ச்சை மாற்ற வேண்டியதுதான். விலை அதிகமில்லை, டி.வி. ரிப்பேர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். கால்களை வளைக்கும்போது கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவு சரியா? தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

மானி ஓடுகிறது, ஆனால் கூடவோ குறைவாகவோ காட்டுகிறது என்ற சந்தேகமா? புனல் வாயின் பரப்பைக் கணக்கிடுங்கள். 16 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்றால் பரப்பு சுமார் 201 சதுர செ.மீ. அதில் 10 மி.மீ. மழை என்பது 201 மில்லி தண்ணீர். 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள செவ்வகம் என்றால் 55 மில்லி.

அந்த அளவை மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து ஒரு பாட்டிலில் எடுத்து, மூடியில் ஊசித் துளை போட்டு, புனலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை மணி நேரமாவது ஆகட்டும். மடமடவென்று ஊற்றினால் வாளி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போய்விடும் (பேய் மழையில் இந்த வகை மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான்). முடிவில் 9.5 முதல் 10.5 வரை காட்டினால் கவலை வேண்டாம். 8 தான் காட்டுகிறது என்றால், வாளிக்கு அடியிலுள்ள இரண்டு திருகுகளையும் ஒரே அளவு சற்று உயர்த்துங்கள். வாளி குறைந்த நீரிலேயே கவிழத் தொடங்கும். அதிகம் காட்டினால் இறக்குங்கள். திருகு இல்லாத மாடலில், திரையின் அமைப்புகளில் திருத்தக் காரணி கேட்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனையில் தேறியும் அளவு குறைந்தால், தவறு வைத்த இடத்தில். 12 மீட்டர் தென்னைக்கு 24 மீட்டர் தள்ளி மானி இருக்க வேண்டும். அதாவது தடையின் உயரத்தைப் போல இரு மடங்கு. மாடியில் 3 அடி கைப்பிடிச் சுவர் இருந்தால் 6 அடி தள்ளி வையுங்கள். வெயில் நாளில் காற்றடிக்கும்போது மழை பதிவாகிறதா? கம்பம் ஆடி வாளி தானாகக் கவிழ்கிறது. கம்பத்தை இறுக்கிக் கட்டுங்கள்.

பக்கத்திலேயே நேர்ச்சுவருள்ள, தட்டையான அடியுள்ள ஒரு டப்பாவையும் வையுங்கள். அதில் நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மழை அளவு. பேட்டரி தீராத மானி இது!

மானி சரியாக இருந்தாலும் வெள்ளத்தை அது சொல்லாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணைக் கரையோரக் கடலூர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்டு வந்த நீர். சிதம்பரம் பக்கம் கொள்ளிடக் கரை கிராமங்களுக்கு மேட்டூர் உபரி நீர் அப்படித்தான் வருகிறது. உங்கள் மாடியில் சொட்டு மழை இல்லாத நாளிலும் ஆறு ஏறலாம். எனவே ‘டி.என். அலர்ட்’ செயலியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

இடி மின்னல் நேரத்தில் மானியைச் சரிசெய்ய மாடிக்குப் போகாதீர்கள். மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.