தறியில இருக்கு இங்கிலீஷ்: போட்டித் தேர்வுக்கு 'இடியம்' படிக்க எளிய வழி

ராத்திரி 50 ஆங்கில வார்த்தையை மனப்பாடம் பண்ணி, காலையில எல்லாம் மறந்துபோச்சா? கவலை வேண்டாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு, பல ஆங்கில மரபுத்தொடர்கள் ஏற்கெனவே பாதி தெரிந்தவைதான்.

எவ்வளவு முக்கியம்?

மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் முதல் கட்டம் வடிகட்டத்தான். ரேங்க்கை முடிவு செய்வது இரண்டாம் கட்டம். அதன் முதல் தாளில் கணக்கில் வரும் 390 மதிப்பெண்ணில் 135 ஆங்கிலத்துக்கு. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தப்பானால் 1 போய்விடும்.

தறியிலிருந்து வந்தவை

* ஸ்பின் எ யார்ன்: நேர்ப் பொருள், நூல் நூற்பது. தேர்வில் கேட்கும் பொருள், கதை அளப்பது. 'சும்மா கயிறு திரிக்காதே' என்கிறோமே, அதேதான்.

* ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்: ஈரக் கம்பளித் துணி சுருங்காமல் காய, மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கொக்கிதான் இது. ரிசல்ட் வரும்வரை நம்ம மனசு இருக்குமே, அந்தத் தவிப்பு! மென்மையைக் குறிக்கும் 'டெண்டர்' இதில் இல்லை, ஸ்பெல்லிங்கில் கவனம்.

* டைட் இன் த வுல்: நூலாக நூற்கும் முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றுவது. அந்தச் சாயம் லேசில் போகாது. அதனால், ஒரு கொள்கையில் ஊறிப்போனவர் என்று பொருள்.

* ஷட்டில்: தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடா. இரண்டு இடங்களுக்கு நடுவே போய்ப் போய் வரும் பஸ்ஸும் 'ஷட்டில் சர்வீஸ்' ஆனது இதனால்தான்.

இங்கே உஷார்

'லூம்' என்றால் தறி. ஆனால் 'எ க்ரைசிஸ் லூம்ஸ்' என்றால் நெருக்கடி ஒன்று மிரட்டலாக நெருங்குகிறது என்று அர்த்தம். ஸ்பெல்லிங் ஒன்று, சொல் வேறு. வாக்கியத்தோடு படிக்காதவர் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி இடத்தில்தான்.

'டெக்ஸ்ட்', 'டெக்ஸ்டைல்' இரண்டுமே நெய்வதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தமிழிலும் இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்றே பெயர். சொல்லைப் பஞ்சுக்கு ஒப்பிடுகிறது நன்னூல். பஞ்சை மட்டும் சேர்த்து வைத்தால் சேலை ஆகாது. வார்த்தைப் பட்டியலும் அப்படித்தான்.

என்ன செய்யலாம்?

1. முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்து தினமும் 5 தொடர் மட்டும் எடுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த காட்சி, இணையான தமிழ்ச் சொலவடை, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
3. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மறைத்துவைத்துச் சொல்லிப் பாருங்கள்.
4. தேர்வில் நேர்ப் பொருள் தரும் விடையைச் சந்தேகப்படுங்கள். நான்கில் ஒன்றையாவது உறுதியாக நீக்க முடிந்தால் துணியலாம்; இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

1909-இல் இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1962-இல் மாநிலங்களவைக்குப் போய் ஆங்கிலத்திலேயே வாதாடினார். தறி வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் அந்நியமில்லை. இன்னைக்கே அஞ்சு தொடரோட ஆரம்பிங்க.