பாட்டு ஏன் இழுக்கிறது?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட். அங்கே வாங்கிய ரிக்கார்டு பிளேயரை இங்கே அப்படியே செருகினால் என்ன ஆகும்? புகை வரும், மோட்டார் கருகும்!

டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் குறையும். ஆனாலும் தொல்லை தீராது.

மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. ஒசாகாவில் நொடிக்கு 60 சுற்று. டோக்கியோவிலும் இந்தியாவிலும் 50. டோக்கியோ ஜெர்மன் எந்திரத்தையும், ஒசாகா அமெரிக்க எந்திரத்தையும் 1890-களில் வாங்கியதே காரணம்.

இந்தச் சுற்றை ஒட்டி ஓடும் பழைய மோட்டார், ஒசாகாவை விட்டு வந்தால் மெதுவாகச் சுழலும். பாட்டு இழுக்கும்! மோட்டாரின் கப்பியை மாற்றினால் சரியாகும்.

பெட்டியின் பின்புறம் "100-240 வோல்ட், 50/60" என்று இருக்கிறதா? பயமில்லை, பிளக்கை மாற்றினால் போதும். இல்லையென்றால் செருகாதீர்கள்!

முதலில் படியுங்கள், பிறகு பாட்டுக் கேளுங்கள்!