பெரிய டயர் போடலாமா?

பொழுது இன்னும் விடியவில்லை. கம்பம் பக்கத்துத் தோட்டத்தில் பன்னீர் திராட்சைப் பெட்டிகள் பிக்கப் வண்டியில் ஏறுகின்றன. 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது! வண்டி லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போக வேண்டும். போடிமெட்டுப் பாதையிலோ ஏல மூட்டைகள் மலை இறங்கிப் போடிக்கு வருகின்றன.

இத்தனை பாரத்தையும் தாங்குவது எது? நான்கு டயர்கள்தான்!

டயர் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். டிரைவர் தம்பி டயர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, கொஞ்சம் பெரிய டயராப் போடுங்க. வண்டி உசரமா நிக்கும். தோட்டத்துப் பாதையில கல்லு அடிக்காது."

"போடலாம் தம்பி. ஆனா கணக்குப் பாத்தியா?"

அது என்ன கணக்கு? நாமும் பார்ப்போம்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று இருக்கிறது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. 75 என்றால், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 100-க்கு 75 பங்கு. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு; இது அங்குலம்.

கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் 703 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அதே ரிம்மில் 235/75 டயரைப் போட்டால் 733 ஆகிறது. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம்தான்!

இரண்டு விரலில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நிறைய வரும்!

வண்டி உயர்வது 15 மில்லிமீட்டர்தான். டயரின் மேல்பாதி வண்டியை உயர்த்தாது அல்லவா? ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் ஓடும் தூரம் 100-க்கு 4 பங்கு கூடிவிடுகிறது.

மீட்டர் சொல்லும் பொய்

மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. முள் 60-ல் நிற்கும். வண்டியோ முன்பு 60-ல் ஓடியதைவிட மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் அதிகமாக ஓடும்.

100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 96 தான் ஏறும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு 4 கிலோமீட்டர் நஷ்டம்!

மலையில்தான் சோதனை

ஏறும்போது இழுவை குறையும். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியர் கேட்கும்.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டயர் பெரிதானால் அந்தப் பிடிப்பு குறையும். மீதி வேலை பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இது விளையாட்டல்ல. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. வளைவில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசக்கூடும். காலி வண்டியில் உரசாத டயர், பாரம் ஏற்றி வில் தாழ்ந்ததும் உரசும். உரசி உரசிப் பக்கச் சுவர் தேய்ந்தால் டயர் வெடிக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மொத்த உயர வித்தியாசம் 100-க்கு 3 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 225/75 போட்டால் வித்தியாசம் 2 பங்குதான். ஆனாலும் ரிம்மின் அகலம் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவைவிட முக்கியம் பாரம் தாங்கும் எண். 100 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறைந்த டயரை, விலை மலிவு என்று வாங்கவே கூடாது.

ஒரே அச்சில் இரண்டு அளவு கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் என்றால் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரம் கெடும்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம்! அந்தப் பெயர் வந்த கதை தெரியுமா? 1904-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரில் மாற்றுச் சக்கரம் செய்தார்கள். அவர்கள் பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயர் நம் ஊர் வண்டியில் ஏறிக்கொண்டது!

சட்டமும் உண்டு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆகவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேளுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.

டயர் கடை அண்ணன் கடைசியாகச் சொல்கிறார்:

"கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாரு தம்பி. அதுல என்ன அளவு போட்டிருக்கோ அதையே போடு. காத்தையும் அதுல சொன்னபடி பிடி. உசரமா நிக்கிறதைவிட ஒழுங்கா வீடு போய்ச் சேர்றது பெருசு!"

தம்பி பழைய அளவிலேயே புது டயர் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.