ரோடு சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

நாற்பதைத் தாண்டிய பெண் "எனக்கு ஒரு சைக்கிள் வேணும்" என்றால் வீட்டில் முதலில் சிரிப்புதான் வரும். என் நாத்தனார், "என்னத்துக்கு மதினி இந்த வயசுல ரேஸ் சைக்கிள்?" என்றாள். என் கவலை எனக்கு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. நடக்கலாமென்றால் குதிகால் வலி. டாக்டரம்மாவைக் கேட்டேன். "தாராளமா மிதிங்க" என்றார். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. தப்பான வண்டி வந்துவிட்டால் அது கொடியில் இடமில்லாத நாளில் துணி காயப் போடத்தான் ஆகும் என்பதால், பத்து நாள் கடை கடையாக அலைந்து பார்த்தே வாங்கினேன்.

வயதைச் சொல்லித் தயங்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லணும். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில், 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பிள்ளையை முன் பாரில் உட்கார வைக்க அதுதான் வசதி என்றும் சொன்னார்களாம்!

சரி, கடைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது விலையல்ல, அளவு. நம் பெண்கள் பலர் ஐந்தடி உயரம்தான். கடையில் முன்னால் நிற்பதோ 52, 54 அளவு. "சீட்டை இறக்கிக்கலாம்க்கா" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட் இறங்கும், ஆனால் ஹேண்டில்பார் பக்கத்தில் வராது. எட்டி எட்டிப் பிடித்தால் கழுத்தும் தோளும் போய்விடும். ஐந்தடிக்காரிக்கு 44 முதல் 48 வரைதான் சரிப்படும். பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் நடுவே இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

வளைந்த ஹேண்டில்பார் வேகத்துக்கு நல்லது. ஆனால் பிரேக்கை விரலால் எட்டிப் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சின்னக் கைகளுக்குச் சில வண்டிகளில் எட்டாது. கோரிப்பாளையம் நெரிசலில் தினமும் போகிறவர்களுக்கு நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் வண்டியே மேல் என்பது என் கட்சி.

டயரில் ஏமாறாதீர்கள். 25 மில்லிமீட்டர் ஒல்லி டயர் அழகுதான். ஆனால் நம் ரோட்டுப் பள்ளத்தில் காற்றுக் குறைவாக இறங்கினால் ட்யூப் ரிம்மில் கடிபட்டு ஒரே சமயம் இரண்டு ஓட்டை விழும். 28 அல்லது 32 போட ஃப்ரேமில் இடமிருக்கிறதா என்று கேளுங்கள். மேலூர், திருமங்கலம் பக்கம் போனால் சீமைக்கருவேல முள் வேறு! உபரி ட்யூப் ஒன்று பையில் இருக்கட்டும். இன்னொன்று: இந்த வண்டிகள் பலவற்றில் ஒல்லியான வால்வு வரும். தெருமுனைப் பஞ்சர் கடைப் பம்பு அதில் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள்.

கியர் மதுரைக்கு எதற்கு, சமதரைதானே என்பார் வீட்டுக்காரர். ஆடிக் காற்றில் செக்கானூரணியை நோக்கி மேற்கே மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்! பழமுதிர்சோலை ஏற்றத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

செயின் கார்டு இருக்காது, சேலை கூடாது. சுடிதார் என்றால் கால்பகுதி ஒடுக்கமாக இருக்கட்டும், துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். சீட் மெத்தென்று இருப்பதைவிட, இடுப்பெலும்புக்கு ஏற்ற அகலமும் நடுவில் பள்ளமும் இருப்பதே முக்கியம். மரத்துப்போகிற உணர்ச்சி வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் சீட்டை மாற்றுங்கள். பிரசவமான தாய்மார்கள் டாக்டர் சொன்ன பிறகே ஏற வேண்டும்.

விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பழகலாம். ஒரு மாதம் ஓட்டியதும் கடைக்குக் கொண்டுபோங்கள். புது கேபிள் தளர்ந்திருக்கும், கியர் சரியாக விழாது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்பார்கள்.