மைனஸ் 65 எடுத்தாலும் விலை இறங்காத பையன்

வியாழன் மாலை முதல் ஆட்டம் தொடங்கிவிட்டால், அதில் ஆடுகிறவர்களை அந்தச் சுற்றில் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதற்குள் பதில் சொல்லுங்கள் என்று வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்தான். நூறைத் தாண்டி எடுக்கும் நட்சத்திரத்தின் விலை விழுகிறது. எழுபதுக்கே மூச்சு வாங்கும் புதுப்பையனின் விலை எகிறுகிறது. இது என்ன நியாயம்?

யார் ரக், யார் மிட்ஃபீல்டர், அணியில் எத்தனை பேர் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இப்படிப் புலம்பும் அளவுக்கு வந்தவருக்கு அதெல்லாம் அத்துப்படி.

விலை என்பது என்ன?

நடத்துகிறவர்களைக் கேட்டால் 'ஆட்டக்காரரின் மதிப்பு' என்பார்கள். உண்மையில் அது அவர் கடைசியாக ஆடிய சில ஆட்டங்களின் ஞாபகம், அவ்வளவுதான். ஆஸ்திரேலிய ஃபுட்டியின் கற்பனை அணி விளையாட்டான சூப்பர்கோச்சில் ஆடுகிறவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் வாய்பாடு இது: பழைய விலையில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று ஆட்டங்களின் சராசரியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, அதில் கால் பங்கைக் கூட்டுங்கள். அதுதான் புது விலை. அந்தப் பெருக்கெண்ணுக்கு 'மேஜிக் நம்பர்' என்று பெயர். கணக்குக்குச் சுலபமாக 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

1,25,000 டாலர் விலையுள்ள ஒரு ரூக்கி. மூன்றாவது ஆட்டம் முடியும்வரை அவன் விலை அசையாது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் 70 எடுத்துவிட்டான். அவன் விலைக்கு ஈடான சராசரி 25, அதாவது மூன்று ஆட்டத்துக்கு 75. ஏற்கெனவே 140 சேர்ந்துவிட்டதால், மூன்றாம் ஆட்டத்தில் மைனஸ் 65 எடுத்தாலும் விலை அப்படியே நிற்கும். இந்த எண்தான் பிரேக்ஈவன். அவன் வழக்கம்போல் 70 எடுத்தால் விலை 1,81,250. ஒரே இரவில் 56,250 டாலர் லாபம். இவர்களைத்தான் கேஷ் கவ் என்கிறார்கள். பால் கறக்க வாங்குவது, வண்டியில் பூட்ட அல்ல.

எப்போது விற்பது?

அதே 70ஐ எடுத்துக்கொண்டே போனால், அடுத்த வாரம் ஏற்றம் சுமார் 42,000. அதற்கடுத்து 31,600 சொச்சம். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதில் முக்கால்தான். 3,50,000ஐ நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பான், போய்ச் சேரமாட்டான். பிரேக்ஈவன் அவனுடைய வழக்கமான புள்ளிக்கு அருகில் வந்துவிட்டால் கறவை வற்றிவிட்டது என்று பொருள். "பையன் நன்றாகத்தானே ஆடுகிறான்" என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் ஜூலை மாதத்தில் கடிதம் எழுதுகிறார்கள்.

நட்சத்திரத்தை எப்போது வாங்குவது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 6,00,000 டாலர் ஆட்டக்காரர், தவறாமல் 120 எடுப்பவர், ஒரு சனிக்கிழமை பாதியில் காயம்பட்டு 30இல் நிற்கிறார். விலை 5,62,500 ஆகிறது. பிரேக்ஈவன் 188! பயந்துபோய் எல்லாரும் விற்கிறார்கள். அடுத்த வாரமே அவர் தேறி வந்து 120 எடுக்கிறார். ஆனாலும் விலை 5,34,000க்கு இறங்குகிறது. மறுபடி 120, மறுபடி இறக்கம், 5,13,000. அந்த ஒரு 30 மூன்று ஆட்டம் வரை சராசரியை விட்டு நகராது. நான்காவது ஆட்டத்தில் அது வெளியேறுகிறது. பிரேக்ஈவன் சட்டென்று 68க்கு வந்து விலை ஏறத் தொடங்குகிறது. வாங்க வேண்டியது அதற்கு முந்தின நொடியில். ஆள் மாறவில்லை, ஆட்டம் மாறவில்லை, உங்களுக்கு மிச்சம் கிட்டத்தட்ட 87,000 டாலர்.

இது திறமைப் போட்டி என்று விளம்பரம் சொல்கிறது. திறமை வேண்டும்தான். ஆனால் அதில் பாதி, ஃபுட்டி பார்க்கும் கண் இல்லை, வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளையின் மூளை. 'சூப்பர்கோச் ப்ளஸ்' என்று சந்தாதாரர்களுக்கு விற்கும் சரக்கில் பிரேக்ஈவனும் ஒன்று. மேலே உள்ள கணக்கை ஒரு கால்குலேட்டர் இலவசமாகப் போட்டுத் தரும்.

உறுத்துகிற விஷயம் மேஜிக் நம்பர். பருவம் நகர நகர அது குறைகிறது. ரூக்கிகளின் விலை எல்லாம் ஏறும்போது லீக் முழுவதன் மொத்த விலை ஊதிப்போகாமலிருக்கப் பெருக்கெண்ணைச் சுருக்குகிறார்கள். எனவே மார்ச்சில் 110 சராசரிக்கு வாங்கிய ஆள், ஜூன் வரை அதே 110 எடுத்தாலும் விலையில் கொஞ்சம் தேய்ந்திருப்பார். கடிதம் எழுதியவர்களே, உங்கள் நட்சத்திரம் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

ஏஎஃப்எல் ஃபேன்டசியின் விலைக் கணக்கு வேறு, போக்கு இதேதான்.

ஒரே ஆட்டத்துக்கு இரண்டிலும் வேறு வேறு புள்ளி ஏன்?

ஃபேன்டசி வெறுமனே எண்ணுகிறது: உதைக்கு 3, ஹேண்ட்பாலுக்கு 2, மார்க்குக்கு 3, டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6, எதிராக ஃப்ரீ கிக் கொடுத்தால் மைனஸ் 3. பந்தை எதிராளி கையில் கொடுத்தாலும் அந்த 2 உண்டு. 2018 முதல் சுற்றில் காலிங்வுட்டுக்கு எதிராக 54 முறை பந்தைக் கையாண்டு சாதனை படைத்த ஹாதோர்னின் டாம் மிட்செல் போன்றவர்கள் இங்கே ராஜா. சூப்பர்கோச்சுக்குச் சாம்பியன் டேட்டா நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 3,300 புள்ளியைப் பங்கு போடுகிறது. ஒருவர் இலையில் அதிகம் விழுந்தால் இன்னொருவர் இலையில் குறையும். எந்தச் செயலுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு எடை என்பது முழுதாக வெளியே வருவதில்லை. 'துல்லியமான அளவீடு' என்பதை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

டிரேட்டைச் சேமிக்கலாமா?

சூப்பர்கோச்சில் பருவத்துக்கு இத்தனை என்று எண்ணித் தருகிறார்கள், சேமியுங்கள். ஃபேன்டசியில் வழக்கமான வாரத்துக்கு இரண்டு, பயன்படுத்தாவிட்டால் போயே போச்சு.

பை ரவுண்டில் பாதி அணி இல்லையே?

சிறந்த 18 பேரின் புள்ளிதான் கணக்கு. பதறாதீர்கள்.

கிளப்பின் காயப் பட்டியலை நம்பலாமா?

'ஓய்வு அளிக்கப்படுகிறது' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

துணை கேப்டன் எதற்கு?

வியாழனோ வெள்ளியோ ஆடுகிறவரைப் போடுங்கள். அவர் அள்ளிவிட்டால், அந்த வாரம் ஆடாத ஒருவரைக் கேப்டனாக்கி விடலாம், துணை கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும்.

நான் பரம்பரை கார்ல்டன் ரசிகன். காலிங்வுட்காரரை வாங்கலாமா?

பிரேக்ஈவன் 68 என்றால் வாங்குங்கள். வீட்டில் சொல்ல வேண்டாம்.