ஊசியும் போத்தலும் வீட்டுக்குள் கொண்டுவருவது



"எங்கட வீட்டில் யாரும் ஊசி ஏற்றுவதில்லை, எயிட்ஸ் பற்றி நமக்கென்ன?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஊசி ஏற்றுகிறவரைவிட, அவருக்குச் சோறு மூடிவைத்துக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியது.

இந்தியாவின் வடகிழக்கில், மியன்மார் எல்லையை ஒட்டி மணிப்பூர் என்றொரு சிறு மாநிலம் உண்டு. எல்லை கடந்து வந்த ஹெரோயினை அங்கே இளைஞர்கள் ஊசியில் ஏற்றினார்கள். ஒரே ஊசி பல கைகளுக்கு மாறியது. 1989இன் பிற்பகுதியில் அவர்களிடையே எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஓராண்டு கழியுமுன், பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் அது இருந்தது. பின்னர், கிருமி தொற்றியவர்களின் மனைவியரைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு 45 பேர் அளவில் அவர்களுக்கும் தொற்றியிருந்தது. ஊசி வெளியே நின்றது. கிருமி வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதில் குடிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சாராயத்தில் கிருமி இல்லை. அது பறிப்பது எச்சரிக்கையை. இன்னொருவன் ஊசியைத் தொடமாட்டேன் என்று காலையில் உறுதி எடுத்தவன், இரவு குடித்தபின் பக்கத்திலிருப்பவனிடமே கை நீட்டுகிறான். ஆணுறையும் அப்படித்தான் மறந்துபோகிறது. போதைப்பொருள் பாவிப்போரில் அதிகம் குடிப்பவர்களிடமே இந்த ஆபத்தான பழக்கங்கள் கூடுதல் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகிச்சையிலும் குடி குறுக்கிடுகிறது. குடித்த நாளில் மாத்திரை எடுத்தால் நஞ்சாகிவிடும் என்று பயந்து சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. மாத்திரையை விடவிடத்தான் கிருமி மீண்டும் பெருகுகிறது.

நம் நாட்டில் தூளைப் புகையாக இழுப்பவர்களே அதிகம், ஊசி ஏற்றுவோர் குறைவு. அதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது. இலங்கையில் இக்கிருமி பெரும்பாலும் பாலுறவு வழியாகவே பரவுகிறது. போதையில் நிதானம் இழந்தவருக்கு அந்த வழி திறந்தே கிடக்கிறது.

குடி ஹராம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதனாலேயே நம் வீடுகளில் அது இருமடங்கு மறைக்கப்படுகிறது. மாமியாருக்குத் தெரியக்கூடாது, ஊருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திவைக்கும் மனைவி, தன் இரத்தத்தைப் பரிசோதிக்கவும் போவதில்லை.

அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம். விபரம் இரகசியமாகவே வைக்கப்படும். மாத்திரைகளும் இலவசம். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், பாலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இக்கிருமி தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது தயங்காமல் கையை நீட்டிய தாய்மார்களுக்கும் அதில் பங்குண்டு.