தேய்ந்த அச்செழுத்தும் தமிழ்ப் புள்ளியும்

கையச்சில் பதிந்த பழைய நூல்களின் தோற்றத்தைக் கணினி எழுத்துருக்களில் வேண்டுமென்றே அமைக்கும் வழக்கம் இன்று நூலட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் காணப்படுகின்றது. ஓரம் சிதைந்தும் மை திட்டுத்திட்டாகப் படிந்தும் தோன்றும் அவ்வெழுத்துகள் பழமையை நினைவூட்டுவன. தமிழில் அவற்றை அமைப்போர் கொள்ளற்குரிய வரையறைகளை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், சிதைவு தோன்றும் முறையை அறிதல் வேண்டும். ஈய அச்செழுத்துகள் பலகால் அழுத்தப்பெறுதலால் மெல்லிய கோடுகள் முறிந்தன. மை மிகுந்தவிடத்துச் சுழிகளின் உட்புறம் அடைபட்டது. அழுத்தம் குன்றியவிடத்து எழுத்து வெளிறிற்று. ஆகவே, ஒரு பக்கத்தில் வரும் இரண்டு எழுத்துகள் ஒரே வகையாகத் தேய்ந்திருத்தல் அரிது. கணினியிலோ, ஓர் எழுத்திற்கு ஒரே வடிவம் அமைப்பின், ‘பக்கம்’ என்னும் சொல்லில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ககர வடிவங்களிலும் அதே வடு தோன்றிப் போலியைக் காட்டிவிடும். ஒவ்வோர் எழுத்திற்கும் சில மாற்று வடிவங்கள் வரைந்து, அவை மாறி மாறி வருமாறு செய்தல் இதற்குரிய வழியாகும்.

இதனினும் இன்றியமையாதது பொருள் காத்தல். ரோமன் சிற்றெழுத்துகள் இரண்டன் மேல் நிற்கும் புள்ளி மறையினும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் புள்ளி மறையின் ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். கொம்பின் மேற்சுழி மறையின் ‘மேல்’ என்பது ‘மெல்’ ஆகும். ஏகாரத்தின் கீழ்க்கோடு அழியின் ‘ஏரி’ ‘எரி’ ஆகும். புள்ளியும் நெடிற்குறியும் இல்லாத ஓலைச்சுவடிகளால் பதிப்பாசிரியர் உற்ற இடர்ப்பாடு அறிஞர் அறிந்ததே. அவ்விடரை அழகின் பொருட்டு மீண்டும் வருவித்தல் தகாது.

இனி, பழமை தேய்வினால் மட்டும் அமைவதன்று. கொடுங்கையூருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள வேப்பேரி, தமிழச்சு வரலாற்றில் சிறப்புடைய இடமாகும். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வயப்பட்டபின் அங்கிருந்து கொணர்ந்த அச்சுப்பொறியைக் கொண்டு பெப்ரீசியஸ் அவ்விடத்தில் நூல்களை அச்சிட்டார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. இன்று கொடுங்கையூரில் சுவரொட்டி அமைக்கும் ஒருவர் பழைய அச்சின் சாயலை விரும்பினால், ஓரங்களைச் சிதைத்தல் மட்டும் போதாது. ணை, லை, ளை, னை ஆகியன துதிக்கை போன்ற வளைவுடன் வழங்கின. ணா, றா, னா ஆகியனவும் வேறு வடிவின. பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றைச் சீர்திருத்திக் கையாண்டார். தமிழக அரசு 1978-இல் அச்சீர்திருத்தத்தை ஏற்றது. ஆதலின், காட்ட விரும்பும் காலத்தையும் இதழையும் நோக்கியே வடிவத்தைத் தெரிதல் வேண்டும். ஒருங்குறியில் இரு வடிவங்களுக்கும் குறியெண் ஒன்றே. வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது.

எனவே, தடித்த கோடுகளில் தேய்வைக் காட்டுக. புள்ளி, கொம்பு, சுழி ஆகியவற்றை முழுமையாக விடுக. சூழல் அறியாதார் ஒருவர் தனிச்சொல்லைப் பிழையின்றிப் படிப்பாராயின், அவ்வெழுத்துரு பயன்பாட்டிற்கு உரியதாம்.